ஒற்றைப் புருவம்

கோணல் டீச்சர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. மாலை வகுப்பில் ஓவியம் கற்றுக்கொள்ள வருகிற வளர்ந்த பிள்ளைகள் வைத்த பட்டம். மூச்சுக்கு மூச்சு "கோணலைத் தேடு, கோணலைத் தேடு" என்று சொல்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இப்போது அவளே போனை எடுத்து, "கோணல் டீச்சர்தான் பேசறேன், சொல்லுங்க" என்கிறாள்.

அவளுக்குப் பிழைப்பு இரண்டு. வாரக் கடைசியில் கேலிச்சித்திரம். கல்யாணம், கம்பெனி விழா, கடை திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் இரண்டு மடக்கு நாற்காலியும் ஒரு பலகையும் கறுப்பு மைப் பேனாக்களுமாகப் போய் இறங்குவாள். எதிரே உட்காருகிற ஆளுக்குப் பத்து நிமிஷம், உடனே அடுத்த ஆள். வாரத்தின் நடுவில், ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் ஓவிய வகுப்பு. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேஜை அதிரும். "கோடு நடுங்கினா அது அச்சகத்தோட தப்பு. கோடு நேராப் போனா அது உங்க தப்பு" என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். முதலாளி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், "நான் ஆளை ஏத்தி இறக்கறேன், நீ மூஞ்சியை ஏத்தி இறக்கறே. ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்று சொல்லிக்கொள்வார்.

வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் ஒரே விண்ணப்பம்தான்: "கொஞ்சம் அழகா வரைங்க." கேலிச்சித்திரக்காரியிடம் வந்து அழகு கேட்பது உப்புக்கடையில் சர்க்கரை கேட்கிற கதை. அவள் தலையை ஆட்டிவிட்டு, வரைகிறதைத்தான் வரைவாள். ஒரு முகத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏதோ ஒன்று மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் தன் போக்கில் போயிருக்கும். அதுதான் அந்த ஆள். அதைப் பிடித்துப் பெரிதாக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதிலும் பென்சில் கிடையாது, நேரே மை. போட்ட கோடு போட்டதுதான். தப்பாகப் போனால் அந்தத் தப்பையே மூக்காக்கிவிடு என்பாள்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரு கர்வம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. யாருக்கு யார் உறவு என்பதை முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தால், "உங்க தங்கச்சி இப்பத்தான் வரைஞ்சு வாங்கிட்டுப் போனாங்க. பச்சைப் புடவை, சரிதானே?" என்பாள். அவர் வாயைப் பிளப்பார். இத்தனை வருஷத்தில் அந்தக் கண் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தப்பாத கண் தப்பும்போது கீழே விழுகிறது யார் என்று அது பார்ப்பதில்லை.

வகுப்பில் ஒருநாள் இதையே பாடமாகச் சொன்னாள். "முகம் யாருக்கும் சுயசம்பாத்தியம் இல்லை. அவ்வளவும் பரம்பரைச் சொத்து. மூத்தவன் மூக்கை எடுத்துக்கிட்டான், கடைக்குட்டிக்குக் காதுதான் மிஞ்சிச்சு, அவ்வளவுதான் பாகப்பிரிவினை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நில்லுங்க. எது யாரு வீட்டுச் சொத்துன்னு கண்டுபிடிச்சு, உங்க முகத்தை வரைஞ்சு கொண்டு வாங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள், அடுத்த வகுப்புக்கு வரைந்துகொண்டும் வந்தார்கள். ஒரே ஒருத்தியின் தாளில் மட்டும் முகம் இல்லை. கழுத்து இருந்தது, தோள் இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழித்து அழித்துத் தாள் தேய்ந்து ஓர் ஓட்டை இருந்தது.

அவளுக்கு வகுப்பில் ரப்பர் என்று பேர். வயது முப்பதுக்குள்தான். பகலில் மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கல் கையெழுத்தையெல்லாம் தடுமாறாமல் படிக்கிறவளுக்குத் தன் முகத்தை மட்டும் படிக்க வரவில்லை. டீச்சர் அந்த ஓட்டை வழியாக வகுப்பை எட்டிப் பார்த்து, "அடடா, கண்ணுக்குத் தெரியாத அழகி!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரப்பரும் சிரித்தாள். தாளை மட்டும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வகுப்பு கலைந்த பிறகும் அவள் போகவில்லை. நாற்காலிகளை அடுக்கி வைக்க உதவினாள். எல்லாம் அடுக்கின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், எங்க அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. நினைவுநாளுக்கு ஒரு படம் வேணும். நீங்கதான் வரையணும்."

"அதுக்கென்ன, நல்லதா ஒரு போட்டோ குடு."

"அதான் டீச்சர் இல்ல."

போனை நீட்டினாள். டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நிறையப் படம் இருந்தது. கடற்கரையில், பள்ளிக்கூட வாசலில், பட்டம் வாங்கின அன்றைக்கு, மருந்துக் கடையில் சேர்ந்த அன்றைக்கு; எல்லாவற்றிலும் மகள், பக்கத்தில் அப்பா. ஒரு படத்திலாவது அந்த மனிதர் முகத்தை முகமாக வைத்துக்கொண்டு நின்றால்தானே? ஒன்றில் வலது கண்ணை இறுக்கி மூடி இடது கண்ணை உருட்டுகிறார். ஒன்றில் வாய் காது வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒன்றில் தாடை ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். பார்க்கப் பார்க்க டீச்சருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"எமகாதகரா இருந்திருக்காரே!"

"ஆமா டீச்சர். ஒரு போட்டோவுலகூட அப்பா இல்ல. அவர் பண்ற சேட்டைதான் இருக்கு. நான் வர்றதுக்கு முன்னாடி எடுத்த படமெல்லாம் வீடு ஒழுகி வீணாப் போச்சாம். ஊர்ல ஒழுகற குழாய் எல்லாம் அடைச்சவர், எங்க கூரையை மட்டும் விட்டுட்டார்."

அப்பா குழாய் வேலை செய்கிறவர். மிஞ்சியிருந்த ஒரே நேரான படம் அடையாள அட்டையில் இருந்தது. அதில் அவர் ஏதோ திருட்டு வழக்கில் மாட்டியவர்போல விறைத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் சித்தப்பா எடுத்துக்கொண்டுபோய் ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறார். பெரிதாக்கி, கோட்டு மாட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு வரப்போகிறது.

"ஹால்ல இருக்கறது ஒரே ஆணி டீச்சர். அந்தப் படம் அதுல ஏறிட்டா, தினமும் நான் யாரோ ஒருத்தர் முன்னாடி உக்காந்து சாப்பிடணும். அம்மா சொல்லிட்டாங்க, ரெண்டு படமும் வரட்டும், எது அவரோ அதை மாட்டலாம்னு." அவள் குரல் லேசாக உடைந்தது. "எனக்கு அவரோட முகம் வேணும் டீச்சர். நாளாக ஆக மறந்துட்டே வருது. பயமா இருக்கு."

டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. இளகின மனசோடு கர்வமும் சேர்ந்துகொண்டது.

"இதுக்குப் போயா கலங்கறே? போட்டோவுல இல்லாட்டிப் போகுது. உங்க வீட்டு ஆளுங்க முகத்துல இருப்பாரே! உங்க சித்தப்பா மூக்கைப் பார்த்து மூக்கு. உன்னைப் பார்த்து மீதி."

"டீச்சர், நான் வந்து..."

"நீ ஒன்னும் சொல்லாதே. சொன்னா என் கண்ணு கெட்டுப் போயிடும். எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போ."

ரப்பர் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போய்விட்டாள். அவளைப் பேச விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

சித்தப்பா குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தார். கோணல் டீச்சர் போனபோது பளபளக்கிற குழாய்களுக்கு நடுவில் அவற்றைவிட விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது.

"செத்துப் போன மனுஷனைக் கேலி பண்றதுக்கு ஒரு படமா? நாலு பேர் வர்ற இடம்மா அது."

"கேலி பண்ணலீங்க. அவர் எப்படி இருந்தாரோ அப்படி."

"அவன் எப்படி இருந்தான்னு உங்களுக்கு என்ன தெரியும்? சின்ன வயசுல எங்க அண்ணன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டான். போட்டோக்காரன் 'சிரிங்க'ன்னு சொன்னாக்கூட வெக்கப்படுவான். இந்தக் குரங்குச் சேட்டையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு."

அவர் பேசப் பேச டீச்சரின் கை மடிமேல் வேலை செய்துகொண்டிருந்தது. மூக்கு அகப்பட்டது. காது அகப்பட்டது. கோபத்தில் முன்னால் வருகிற தாடை அகப்பட்டது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கியிருந்தது.

"எல்லாப் படத்திலயும் அவருக்கு வலது புருவத்துல பாதிக்கு மேல முடியே இல்லையே, அது என்னங்க?"

"குழாய் வேலை பாக்கறவன் எங்கயாவது முட்டியிருப்பான். ஸ்டூடியோவுல சொல்லி அதைச் சரி பண்ணிட்டேன்" என்றார் சித்தப்பா.

வீட்டுக்கு வந்து மூக்கையும் காதையும் தாடையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். ஆள் வந்தார், உயிர் வரவில்லை. கோணல் இல்லாத முகம் வெறும் வரைபடம். இரண்டு மூன்று தாளைக் கசக்கிப் போட்டாள். போனில் வாங்கி வைத்திருந்த படங்களை மறுபடி மறுபடி பார்த்தாள். சேட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த மனிதர் வெளியே வர மறுத்தார்.

அடுத்த வகுப்பில் விடை கிடைத்தது. அன்றைக்குத் தேநீர்க் கோப்பை வரைகிற பயிற்சி. ரப்பர் தன் கோப்பையை வரைந்து முடித்து, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். அந்தக் கோப்பையில் தேநீர் ஊற்றினால் ஒரு சொட்டு நிற்காது. தன் கைவேலையைத் தானே நம்பாமல், அவளுடைய இடது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறியது. வலது புருவம் இருந்த இடத்திலேயே கிடந்தது. அதற்குப் பின்னாலேயே வாய் ஒரு பக்கம் சரிந்து சிரிப்பு வந்தது.

டீச்சருக்குக் கையில் அரிப்பெடுத்தது. இத்தனை நாளாகக் கண்ணுக்கெதிரே இருந்திருக்கிறதே! இந்தச் சொத்து அப்பா வீட்டுச் சொத்து இல்லாமல் வேறு யாருடையது? சேட்டைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான புருவம் அமையுமா?

மறுநாள் காலையில் பேனாவை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. சித்தப்பாவின் மூக்கு, சித்தப்பாவின் காது. பாதி முடி போன வலது புருவம் கண்மேல் அடங்கிக் கிடக்க, இடது புருவம் ஒரே வீச்சில் நெற்றியைத் தாண்டி, மண்டையைத் தாண்டி, தாளின் மேல் விளிம்புவரை ஏறிப் போயிற்று. கழுத்தில் ஒரு குழாய் வளையம். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "இந்த ஆளு லிஃப்டுல மாட்டிக்கிட்டா, கூட இருக்கறவங்க கதவு திறந்தாலும் வெளிய வர மாட்டாங்க போலிருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து டீச்சர் கேட்டதில்லை.

நினைவுநாளன்று படத்தை அட்டையில் ஒட்டி, மாட்டக் கயிறும் கட்டி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சின்ன வீடு. ஹாலில் நாற்காலிகள் போட்டு உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அந்த ஒற்றை ஆணி. அதற்குக் கீழே, பழுப்புக் காகிதம் சுற்றி, சித்தப்பாவின் பெரிய சட்டம் சாய்ந்திருந்தது. ரப்பர் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டே போகிற வழியில், "நல்லா வந்திருக்கா டீச்சர்?" என்று கண்ணாலேயே கேட்டாள். டீச்சர் கட்டை விரலைக் காட்டினாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தது ரப்பரின் அத்தை, அப்பாவின் தங்கை. முகத்தைப் பார்த்ததுமே டீச்சர் கண்டுபிடித்துவிட்டாள், அதே மூக்கு. அத்தை தேநீரை உறிஞ்சிக்கொண்டு, தானாகவே பேசினாள்.

"அண்ணன் படுத்திருந்தப்போ இந்தப் பொண்ணு பார்த்தாளே, பெத்த பொண்ணுகூட அப்படிப் பாக்க மாட்டா."

"பெத்த பொண்ணுகூடன்னா?"

"உங்களுக்குத் தெரியாதா? எடுத்து வளர்த்த பொண்ணுங்க. ரெண்டு வயசுல கூட்டிட்டு வந்தாங்க. யாரும் மறைக்கல, அவளுக்கும் விவரம் தெரிஞ்ச நாளா தெரியும்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "என்ன ஒன்னு, யாரு ஜாடைன்னு யாராவது கேட்டா மட்டும் அவ முகம் செத்துப் போயிடும். சின்னதுலேருந்தே அப்படி. என் தம்பி வேற, 'எங்க வம்சத்து மூக்கு, எங்க வம்சத்து காது'ன்னு எப்பப் பார்த்தாலும் அதையே பேசிட்டிருப்பான்."

கோணல் டீச்சர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த ஓட்டை நினைவுக்கு வந்தது. எது யாரு வீட்டுச் சொத்துன்னு கண்டுபிடிச்சு வரைஞ்சு கொண்டு வா என்று அனுப்பினது யார்? வந்த ஓட்டையைப் பார்த்து ஊரைக் கூட்டிச் சிரித்தது யார்? சொல்ல வந்தவளின் வாயை அடைத்தது யார்? இப்போது அந்தப் பெண்ணின் புருவத்தை அவளுக்கு ரத்த உறவில்லாத மனிதரின் முகத்தில் ஒட்டி, அதையும் தாள் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கி, அத்தனை உறவுக்காரர் முன்னால் விரித்துக் காட்டப்போகிறாள். "இது எங்கள் வீட்டுப் புருவம் இல்லையே" என்று ஒருவர் சொன்னால் போதும். அப்பாவின் முகம் கேட்டு வந்தவளுக்கு, நீ வேற்று ஆள் என்று படம் போட்டுக் கொடுத்ததாக ஆகும்.

துணிச் சுற்றைத் தூக்கிக்கொண்டு, "ஒரு சின்ன வேலை பாக்கியிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளறைக்குள் புகுந்துகொண்டாள்.

கட்டில்மேல் படத்தை வைத்துத் துணியை விலக்கினாள். பைக்குள் கை விட்டாள். கண்ணில் ஒளிப்பொட்டு வைக்கிறதற்கென்று ஒரு வெள்ளை மைப் பேனா எப்போதும் இருக்கும். ரப்பரே தொடக்கூடாது, போட்ட கோடு போட்டதுதான் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், அந்தக் குண்டூசி முனைப் பேனாவால் இத்தனை பெரிய புருவத்தை மறைத்துவிட முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள். மூடியைக் கழற்றினபோது கை நடுங்கியது. இங்கே கீழே அச்சகம்கூட இல்லை.

கதவு திறந்தது. ரப்பரின் அம்மா.

"என்ன டீச்சரம்மா, எல்லாரும் காத்திட்டிருக்காங்க..." என்று வந்தவள் படத்தைப் பார்த்துவிட்டாள்.

பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் அவசர அவசரமாகக் கொட்டினாள். "மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியாது. அந்தப் புருவம் உங்க பொண்ணு முகத்துல பார்த்தது. அப்பாகிட்டேருந்து வந்ததுன்னு நானா நினைச்சுக்கிட்டேன். இதோ, அழிச்சிடறேன். இல்ல, படமே வரலன்னு சொல்லிடறேன்."

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து டீச்சர் கிட்டே போனாள். அழுகையோடு சிரிப்பும் கலந்து வந்துகொண்டிருந்தது.

"பேனாவை மூடுங்க" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதுல ஒரு முடிமேலகூட நீங்க கை வைக்கக் கூடாது. அப்படியே எடுத்துட்டு வாங்க."

"இல்லம்மா, அந்தப் பொண்ணு மனசு..."

"என் பொண்ணு மனசு எனக்குத் தெரியாதா? வாங்க."

ஹாலில் முதலில் சித்தப்பாவின் சட்டம் ஆணியில் ஏறியது. கோட்டுப் போட்டு, கழுத்துப் பட்டை கட்டி, இரண்டு முழுப் புருவங்களோடு ஒரு கனவான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எல்லோரையும் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்கள் மரியாதைக்கு. யாருக்கும் அதற்குமேல் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு டீச்சரின் படம். அம்மா கண்ணைக் காட்ட, ரப்பர் முன்னால் வந்து துணியை எடுத்தாள்.

முதலில் சிரித்தது பக்கத்து வீட்டுக்காரர். "மனுஷன் வந்துட்டாரய்யா! ராத்திரி தண்ணி வரலைன்னு கதவைத் தட்டினா இப்படித்தான் வந்து நிப்பார்" என்றார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணன்! அண்ணனேதான்!" என்றாள். சிரிப்பு ஹால் முழுக்கப் பரவியது. ரப்பரும் சிரிக்கத்தான் தொடங்கினாள்.

"இருங்க இருங்க" என்று சித்தப்பா எழுந்தார். கிட்டே போய்ப் படத்தைத் தொடாமல் விரலை நீட்டினார். "மூக்கு சரி. காது சரி. இந்தப் புருவம் எங்கிருந்து வந்துச்சு? எங்க அண்ணனுக்கு ஒத்தப் புருவம் ஏறி யாராவது பார்த்திருக்கீங்களா? எங்க வம்சத்துலயே யாருக்கும் அப்படி ஏறாது. இது..."

அவர் பார்வை தானாகவே ரப்பரின் பக்கம் போயிற்று. பேச்சு பாதியில் நின்றது. நின்றதுதான் தப்பாகப் போயிற்று. ஹாலில் இருந்த எல்லாக் கண்ணும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தன.

ரப்பரின் கை மெல்ல மேலே போய் நெற்றியை மறைத்துக்கொண்டது. டீச்சரைப் பார்த்துச் சன்னமான குரலில் கேட்டாள். "என்னோடதை எடுத்து அப்பாவுக்கு மாட்டிட்டீங்களா டீச்சர்? அப்போ இதுவும் அப்பா இல்லையா?"

கோணல் டீச்சருக்கு அந்த நிமிஷம் பேனா பிடித்த விரல்களையெல்லாம் முறித்துப் போடலாம் போல் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள்.

"தம்பி சொல்றது சரி. அவருக்கு ஒத்தப் புருவம் ஏறாது. கடைசி வரைக்கும் ஏறவே இல்ல." அம்மா மகளைப் பார்த்தாள். "ஆனா ஏத்தறதுக்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

யாருக்கும் புரியவில்லை.

"நீ வந்த புதுசு. எதைக் குடுத்தாலும் இடது புருவத்தை மட்டும் தூக்கிப் பாப்பே. கடைக்குக் கூட்டிட்டுப் போனா, 'யாரு ஜாடை இது'ன்னு கேப்பாங்க. உனக்குக் கொஞ்சம் விவரம் தெரிஞ்சப்புறம், ஒருநாள் அப்படிக் கேட்டப்போ உன் முகம் வாடினதை அவர் பார்த்துட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னவர்தான். 'மூக்கை மாத்த முடியாது, புருவத்தை மாத்திக்கலாம் இல்ல'ன்னார். ரெண்டும் சேர்ந்தே ஏறிச்சு. குழாய்க்குச் சுத்தற கறுப்பு டேப்பை எடுத்து வலது புருவத்தை அமுக்கி ஒட்டிக்கிட்டு, இடதை மட்டும் தூக்கிப் பழகினார். தினம் ஒட்டுவார், தினம் பிய்ப்பார். முடியெல்லாம் டேப்போட வந்துச்சு. அப்புறம் அந்த இடத்துல முளைக்கவே இல்ல."

டீச்சர் தன் படத்தில் இருந்த அந்த மொட்டை இடத்தைப் பார்த்தாள். முடி இல்லாததை அப்படியே வரைந்திருந்தாள். ஏன் இல்லை என்று கண்டுபிடிக்கவில்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" ரப்பரின் கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது.

"சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார். 'ஒத்தப் புருவம் வந்ததும் அவளே பார்க்கட்டும், போட்டோவுல ரெண்டு பேரும் ஒரே மாதிரி நிக்கலாம்'னு சொல்லுவார். வரவே இல்லையே. ஒவ்வொரு போட்டோவுக்கும் உன் பக்கத்துல வந்து நின்னு ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்ப்பார். கண்ணு மூடிக்கும், வாய் கோணிக்கும். நீ 'ஐயோ அப்பா சேட்டை'ன்னு சிரிப்பே. 'போகட்டும், சிரிக்கிறாளே'ன்னு விட்டுட்டார்."

ரப்பர் மெதுவாகப் போனை எடுத்தாள். கடற்கரைப் படம். பள்ளிக்கூட வாசல். பட்டம் வாங்கின நாள். ஒவ்வொன்றிலும் கேமராவைப் பார்த்து அவளுடைய இடது புருவம் ஏறியிருந்தது. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஒரு மனிதர், வலது கண்ணை இறுக்கி, இடது கண்ணை அகல விழித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முகத்தில் இருக்கிற அத்தனை நரம்பையும் இழுத்து, ஒரே ஒரு புருவத்தைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணல் டீச்சர் இந்தப் படங்களை எத்தனை தடவை பார்த்தாள்! சிரித்தாளே தவிர, படிக்கவில்லை.

ரப்பர் போனைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஒற்றைப் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தே ஏறின. மறுபடி தூக்கினார். வாய் கோணிக்கொண்டது. அசல் அண்ணனாகவே ஆகிவிட்டார். அதைப் பார்த்து அத்தையும் முயற்சி செய்தாள். பக்கத்து வீட்டுக்காரர் செய்தார். கொஞ்ச நேரத்தில் அந்த ஹாலில் ஒரு முகம்கூட நேராக இல்லை.

"இது சாமானியமா வராது போலிருக்கே" என்றார் சித்தப்பா. குரல் கம்மியிருந்தது. போனை ரப்பரின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆணியில் இருந்த தன் சட்டத்தைத் தானே இறக்கினார். டீச்சரிடமிருந்து படத்தை வாங்கி, ஓரத்துக் கயிற்றை ஆணியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். "சரியா இருக்காம்மா?" என்று ரப்பரைக் கேட்டார்.

ரப்பர் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல், படம் கோணலாக இருக்கிறதோ என்று தலையைச் சாய்த்துச் சந்தேகத்தோடு பார்த்தாள். எத்தனை பேர் முயன்றும் அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் அந்தப் புருவம் ஏறியது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.